கம்பெனி அனுப்பிய இன்லேண்டு லெட்டர்

போன வாரம் அண்ணன் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பியிருந்தான். நாங்கள் சின்ன வயதில் விளையாடிய காலத்து டிவி கேம் ஒன்றை, அதைச் செய்த பெரிய கம்பெனியே திரும்பச் செய்து விற்க முடியுமா என்று யாரோ நீளமாக அலசியிருந்தார்கள். உள்ளே இருந்த சில்லு இப்போது எங்கும் தயாராவதில்லையாம். பெட்டியை வார்த்த அச்சும் போய்விட்டதாம். ஆனாலும் நகக்கண் அளவுக்கு ஒரு புதுச் சில்லை உள்ளே வைத்து, வெளியே பழைய தோற்றத்தையே கொடுத்துவிட்டால் ஜனங்கள் வாங்குவார்கள் என்று முடித்திருந்தார்கள். அதற்குக் கீழே அண்ணன் ஒரே ஒரு வரி எழுதியிருந்தான்: "உன் லெட்டருக்குப் பதில் வந்துடுச்சு பாரு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதை யாரிடம் முதலில் காட்ட வேண்டுமோ அந்த மாமா இப்போது இல்லை. அவர் வேலை பார்த்த தேயிலை ஃபேக்டரி இருக்கிறது. அதாவது, அதன் தகரச் சுவரும் நீள நீளமான ஜன்னல்களும் அப்படியே இருக்கின்றன. உள்ளே டூரிஸ்டுகளுக்கு மெத்தையும் சுடுதண்ணீரும் போட்டுவிட்டார்கள். வெளியே பழையது, உள்ளே புதுசு. அந்தக் கட்டுரையை எழுதிய ஆள் மஞ்சூர் பக்கம் வந்திருந்தால் இவ்வளவு யோசித்திருக்க வேண்டியதில்லை.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அப்பாவுக்கு அருவங்காட்டில் வேலை, அங்கேயே குவார்ட்டர்ஸில் வீடு. மாமா அம்மாவின் தம்பி. கல்யாணம் ஆகாதவர். மஞ்சூருக்குப் பக்கத்தில் ஒரு எஸ்டேட்டின் தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்தார். இலையை உருட்டுகிற ரோலர் மிஷின்களுக்கு அவர்தான் வைத்தியர். பச்சைத் தேயிலை விலை விழுந்த வருஷம் அந்த ஃபேக்டரிக்குப் பூட்டுப் போட்டார்கள். ஒரு டிரங்குப் பெட்டியோடு மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். பெட்டிக்குள் துணிமணிக்கு நடுவே, கடைசி போனஸில் எங்களுக்காக ஊட்டி பஜாரில் வாங்கி வைத்திருந்த டிவி கேம் இருந்தது.

அது போலி என்று இப்போது தெரியும். பெரிய கம்பெனியின் பெயரில் ஒரு எழுத்தை மாற்றி மேலே ஒட்டியிருந்தார்கள். எங்களுக்கு அதெல்லாம் எங்கே தெரிந்தது! கேசட்டின் வாயில் உஃப் என்று ஊதிச் செருகினால் டிவியில் குட்டி மனிதன் ஓடினான். அண்ணன் ஓட்டினால் நான் பார்ப்பேன், நான் ஓட்டினால் அண்ணன் திட்டுவான். மாமா ஓட்டினால் குட்டி மனிதன் முதல் பள்ளத்திலேயே விழுந்து சாவான். "அட போடா" என்று சொல்லி ரிமோட்டை என் கையில் கொடுத்துவிடுவார்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வாட்ச்மேன் வேலைக்கு அப்பா யாரிடமோ சொல்லி வைத்திருந்தார். மாமா பிடி கொடுக்கவில்லை. ஃபேக்டரியை வேறு ஒரு பெரிய கம்பெனி வாங்கப் பேசிக்கொண்டிருக்கிறது, வாங்கியதும் பழைய ஆட்களைத்தான் கூப்பிடுவார்கள், ரோலரின் நெளிவுசுளிவு தெரிந்தவன் தன்னை விட்டால் யார் என்பார். அப்பா செய்தித்தாளைக் கொஞ்சம் சத்தமாக மடிப்பார்.

ஐப்பசி பிறந்தது. எங்கள் ஊரில் ஐப்பசி மழை பிடித்தால் விடாது. குன்னூர் ரோட்டில் மண் சரிந்து, பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டு, துவைத்த துணி எட்டு நாளானாலும் காயாமல் நாற்றமடிக்கும். அதற்கு எல்லா வீட்டிலும் ஒரே வழிதான். இரும்புச் சட்டியில் கரி போட்டுக் கணப்பு மூட்டுவோம். அதன் மேல் பெரிய மூங்கில் கூடையைக் கவிழ்த்து வைப்போம். யூனிஃபார்ம், சாக்ஸ், ஸ்வெட்டர், தலையணை உறை, ஒரு தடவை நனைந்துபோன என் கணக்கு நோட்டு, எல்லாம் அந்தக் கூடை மேல்தான் காயும். ஈரமானது எதுவோ அது கூடை மேல் போகும். இதற்கு மேல் யோசிக்க எங்கள் வீட்டில் யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

ஒரு நாள் மத்தியானம் டிவி கேம் கிளம்பவில்லை. ஊதினேன், தட்டினேன், திரும்ப ஊதினேன். திரையில் கோடு கோடாக வந்தது. பெட்டியைத் தொட்டுப் பார்த்தால் சில்லென்று பிசுபிசுப்பு. ஈரம் ஏறிவிட்டது என்று நானே முடிவு கட்டி, கூடை மேல் அண்ணனின் சாக்ஸைத் தள்ளிவிட்டு அதை வைத்தேன். நல்லதுதான் செய்கிறோம் என்ற நினைப்பில் பக்கத்து வீட்டுக்குத் தாயம் ஆடப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது வாசலிலேயே நாற்றம் குப்பென்று அடித்தது. பெட்டி நடுவில் குழிந்து, வயிறு தொங்கி, கூடையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மாமா மட்டும்தான் வீட்டில் இருந்தார். உள்ளறையில் அசந்து தூங்கியவர் அப்போதுதான் எழுந்து வந்து அதைக் கத்தியால் நெம்பிக்கொண்டிருந்தார். பிய்த்து எடுத்தபோது அடிப்பக்கத்தில் கூடையின் பின்னல் அப்படியே பதிந்திருந்தது. நான் அழுத அழுகையில் அவர் பயந்துவிட்டார்.

"அழுவாத கண்ணு. நான் வெச்சேன்னு சொல்லிக்கிறேன். நீ பேசாம இரு."

அப்படியே சொன்னார். அண்ணன் தரையில் உதைத்து உதைத்து அழுதான். அம்மா தன் தம்பியைத் திட்ட முடியாமல் பாத்திரங்களைத் திட்டினாள். அப்பா அடுக்களைக்குள் போய் மெதுவாகத்தான் பேசினார், ஆனால் குவார்ட்டர்ஸ் சுவர் அவ்வளவு தடிமன் இல்லை. "சும்மா உக்காந்துட்டிருந்தா கை இப்படித்தான் எதையாச்சும் கெடுக்கும். திருப்பூருக்குப் போகச் சொல்லு உன் தம்பியை."

"ஏனுங்க, மெல்லப் பேசுங்க" என்றாள் அம்மா.

முன்னறையில் மாமா ஸ்க்ரூடிரைவரை வைத்துக்கொண்டு டிவி கேமைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவர் காதிலும் விழுந்திருக்கும். என் வாயிலிருந்து உண்மை வரவில்லை. அப்பாவின் அடிக்குப் பயந்தேன், வேறொன்றும் இல்லை.

பெட்டிக்குள் பெரிதாக ஒன்றும் இல்லை. விரிசல் விட்ட ஒரு பச்சை அட்டை, நடுவில் தார் சொட்டினாற்போல ஒரு கறுப்புப் பொட்டு. மாமா அதைச் சுரண்டிப் பார்த்தார். "இதென்னடா இது, கழட்டறதுக்கு ஒரு நட்டு போல்ட்டு இல்ல. உள்ள என்ன இருக்குன்னு செஞ்சவனுக்குத்தான் தெரியும்."

"அப்ப செஞ்ச கம்பெனியையே கேக்கலாமுங்களா மாமா?"

விளையாட்டாகத்தான் கேட்டேன். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "கேக்கலாமே! பெரிய கம்பெனி கண்ணு அது. அவனுக்கு என்ன கஷ்டம்? அச்சு இருக்கும், வரைபடம் இருக்கும், வேலை தெரிஞ்ச ஆளு இருப்பான். ஸ்விட்சைப் போட்டா ஓடப் போகுது."

அன்றைக்கே நான் கடிதம் எழுதினேன். எங்கள் டிவி கேம் கெட்டுவிட்டது, அதே மாதிரி இன்னொன்று செய்து அனுப்பவும், ஆண்டவன் உங்களுக்கு நல்லது செய்வான். மாமா எழுத்துப்பிழை திருத்தினார். பெட்டியில் விலாசமே இல்லை. "விலாசம் எனக்குத் தெரியும்" என்று வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு தினமும் அவரைக் குடைந்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், கணப்புக்கு எதிரே உட்கார்ந்து, செய்வார்களா மாமா, எப்போது செய்வார்கள் மாமா. அவரும் சலிக்காமல் பதில் சொன்னார். மிஷின் நின்று போனால் செத்துப்போனதாக அர்த்தமில்லை என்றார். கிரீஸ் போட்டு வைத்திருந்தால் பத்து வருஷம் கழித்தும் ஓடும் என்றார். ஆட்கள் ஊரைவிட்டுப் போயிருந்தாலும் ஒரு தகவல் சொன்னால் ஓடி வந்துவிடுவார்கள் என்றார். டிவி கேமுக்கு எதற்கு கிரீஸ் என்று நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

கார்த்திகையில் ஒரு நாள் காலை மாமா மஞ்சூருக்கு பஸ் ஏறினார். சாயங்காலம் தொப்பலாக நனைந்து வந்தார். துண்டை வாங்கிக்கொள்ளாமல் அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ரோலரையெல்லாம் கேஸ் வெச்சு வெட்டி லாரில ஏத்திட்டாங்கக்கா. எடைக்கு. நான் போறப்ப கடைசி லோடு" என்றார்.

அம்மா அவர் தலையைத் துவட்டிவிட்டாள். நான் இடையில் புகுந்து, "லெட்டர் வந்துச்சுங்களா மாமா?" என்று கேட்டேன்.

"வந்துரும் கண்ணு" என்றார்.

நாலாம் நாள் வந்தேவிட்டது. நீல நிற இன்லேண்டு லெட்டர், என் பெயருக்கு. என் ஆயுளில் எனக்கு வந்த முதல் கடிதம். வெளிநாட்டுக் கம்பெனி உள்நாட்டு லெட்டரில், அதுவும் தமிழில், எப்படி எழுதும் என்று எனக்குத் தோன்றவில்லை. மஞ்சூர் தபால் முத்திரையைப் பல வருஷம் கழித்துத்தான் பார்த்தேன். பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரத்தில், நனைந்த சட்டையோடு மாமா அங்கேயே உட்கார்ந்து எழுதியிருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வரை பொறுத்திருந்தேன். எல்லாரும் வீட்டில் இருக்கும்போது முன்னறை நடுவில் நின்று, பள்ளிக்கூடத்தில் பாடம் வாசிக்கிற குரலில் வாசித்தேன்.

"அன்புள்ள பாப்பாவுக்கு, கம்பெனி எழுதிக்கொள்வது. உன் கடிதம் கிடைத்தது. எங்களுக்குச் செய்யத் தெரியாமல் இல்லை. அச்சை எடைக்குப் போட்டுவிட்டார்கள். வேலை தெரிந்தவர்கள் ஆளுக்கொரு ஊராகப் போய்விட்டார்கள். இனிமேல் கூப்பிட்டாலும் வரமாட்டார்கள். பிள்ளைகளை அங்கங்கே பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார்கள். எவ்வளவு பெரிய கம்பெனி வந்தாலும் இனி ஆகாது. நாங்களும் ரொம்ப நாள் ஆகும் ஆகும் என்றே இருந்துவிட்டோம். மன்னிக்கவும்."

நல்ல உச்சரிப்போடு வாசித்தேன் என்று எனக்கே பெருமையாக இருந்தது. அண்ணன் மட்டும் "போச்சா?" என்றான். மாமா கணப்புக் கரியைக் குச்சியால் கிளறிக்கொண்டிருந்தார்.

"அப்ப இனிமே செய்யவே மாட்டாங்களா மாமா?"

"மாட்டாங்க கண்ணு."

அப்பா செய்தித்தாளைச் சத்தமில்லாமல் மடித்தார். "மாப்ள, திருப்பூருக்கு ஃபோன் பண்ணிச் சொல்லிடட்டுமா?" என்றார். அவர் குரல் அவ்வளவு தணிந்து நான் கேட்டதில்லை.

"சொல்லிடுங்க மச்சான். நாளைக்கே கிளம்பிக்கிறேன்."

மாமாவைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. என் டிவி கேமுக்காக இந்த மனுஷன் இவ்வளவு வருத்தப்படுகிறாரே, நாலு வார்த்தை ஆறுதல் சொல்லுவோம் என்று பக்கத்தில் போய் அவர் தோளைத் தட்டினேன். பெரியவர்கள் செய்வது போலவே செய்தேன்.

"விடுங்க மாமா. அது பழசு. இனி அது யாருக்கு வேணும்? தூக்கிக் குப்பையில போட வேண்டியதுதான்."

மாமா தலையாட்டினார். "ஆமா சாமி" என்றார்.

அம்மா எங்கிருந்து வந்தாள் என்று தெரியவில்லை. கன்னத்தில் பளாரென்று ஒன்று விழுந்தது. அதற்கு முன்னும் பின்னும் அம்மா என்னை அடித்ததில்லை. அடித்துவிட்டு, அடுக்களைக்குள் போய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. கூடை மேல் வைத்து உருக்கியது நான்தான் என்று அம்மாவுக்குத் தெரிந்துபோயிருக்கிறது. அது தெரிந்த ஒரே ஆள் மாமா. ஊருக்குப் போவதற்கு முன்னால் காட்டிக்கொடுத்துவிட்டார்.

மறுநாள் காலை ஏழு மணி பஸ்ஸுக்கு அவர் டிரங்குப் பெட்டியோடு கிளம்பினார். "கண்ணு, மாமா போயிட்டு வரட்டுமா?" என்று இரண்டு தடவை கூப்பிட்டுக் கேட்டார். நான் போர்வையை இழுத்துத் தலைவரை மூடிக்கொண்டேன். காட்டிக்கொடுத்தவரோடு எனக்கென்ன பேச்சு.