கோவர்த்தனன் திருத்திய பந்தி

திருப்பதியில் அலிபிரிக்குப் போகும் சாலையில், ஒரு டிபன் கடைக்கும் சூட்கேஸ் கடைக்கும் நடுவில் இருக்கிறது கோவர்த்தனனின் கடை. பழைய போட்டோ, நெகட்டிவ், படச்சுருள், எதைக் கொடுத்தாலும் தூசும் பூஞ்சணமும் துடைத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுப்பார். சொந்த ஊர் நகரி. வீட்டில் எல்லோரும் தறிக்காரர்கள். இவர் மட்டும் இளவயதிலேயே திருப்பதிக்கு வந்து ஒரு ஸ்டூடியோவில் சேர்ந்துவிட்டார். மொட்டையடித்து, தலையில் சந்தனம் பூசிக்கொண்டு மலையிலிருந்து இறங்கும் குடும்பங்களை வரிசையாக நிறுத்திப் படமெடுக்கும் ஸ்டூடியோ அது. அங்கே இவருக்குக் கிடைத்த வேலை, எடுத்த படத்தைத் திருத்துவது.

மூடிய கண்ணைத் திறந்து வைப்பார். அழுத குழந்தையின் வாயைச் சாத்துவார். இறந்துபோனவர்களின் படம் வந்தால் அவர் கைக்கு வேலை அதிகம். சட்டை இல்லாதவருக்குச் சட்டை, முடி இல்லாதவருக்கு முடி. கேட்டால், "உயிரோட இருந்தப்ப எப்படி இருந்தாருன்றது வேற, செவுத்துல எப்படி இருக்கணும்ன்றது வேற" என்பார். இதில் ஒரு தத்துவம் இருக்கிறது. நல்ல தத்துவம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் படத்தை வாங்கிப்போனவர்களில் திரும்பி வந்து சண்டை போட்டவர்கள் குறைவு.

"உன் கையில மாட்டினா பொணம்கூட மாப்புள ஆயிடுதுய்யா" என்பாள் அவர் மனைவி கன்னிகா. அவர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

ஸ்டூடியோ மூடப்பட்ட பிறகு அவரே கடை வைத்தார். படச்சுருளைக் கட்டம் கட்டமாகப் படிக்கும் ஒரு கருவியையும் வாங்கிப் போட்டார். வேலையில் பொறுமைசாலி. கைதேர்ந்தவர் என்று ஒத்துக்கொள்ளலாம். கையை எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவரா என்பது வேறு கேள்வி. அந்தக் கேள்வி போன வருடம் ஒரு தகரப் பெட்டியில் வந்து சேர்ந்தது.

கொண்டு வந்தவள் நகரிப் பெண் உதயா. பெட்டியைத் திறந்ததும் ஊறுகாய் ஜாடியைத் திறந்ததுபோலப் புளித்த வாடை வந்தது. பழைய படச்சுருள் கெடத் தொடங்கினால் அப்படித்தான் வாடை அடிக்கும்.

"எங்க நைனாவுக்கும் அம்மாவுக்கும் நடந்த கல்யாணப் படம்ணா" என்றாள். "கைத்தறியப் பத்திப் படமெடுக்கறோம்னு ஒரு கூட்டம் அன்னிக்கி எங்க தெருவுக்கு வந்துச்சாம். வந்து பாத்தா ஒரு தறியும் ஓடல. எல்லாரும் கல்யாணத்துல. சரி, வந்தது வந்துட்டோம்னு கல்யாணத்த எடுத்துட்டு, நல்லாத் துன்னுட்டுப் போயிட்டாங்க."

"தறி?"

"தறி கடைசி வரைக்கும் எடுக்கவே இல்லையாம்."

அந்த மாப்பிள்ளை பாபுவுக்கும் மணப்பெண் யசோதாவுக்கும் இப்போது அறுபதாம் கல்யாணம். அன்றைக்கு மண்டபத்தில் இந்தப் படத்தைப் போட்டுக் காட்ட வேண்டும். ஆனால் உதயா வந்தது அதற்காக மட்டும் இல்லை.

"எங்க அத்தை கமலம்மா பாலசமுத்திரத்துல இருக்கறாங்க. நைனாவோட அக்கா. அவங்க ஊட்டுக்காரரு, நாகபூஷணம் மாமா, செத்து முப்பது வருசத்துக்கு மேல ஆச்சு. கேமராவக் கண்டாலே எழுந்து போயிடுவாராம். அதனால ஒரு போட்டோகூட இல்லண்ணா. இந்தப் படத்துல மட்டும் பந்தியில உக்காந்துக்கினு இருக்காராம். அத்தைக்கு அவரை ஒரு தபா பாக்கணும். மத்தது எப்படிப் போனாலும் பரவால்ல, அவரு மட்டும் நல்லாத் தெரியணும்."

"நல்லாத் தெரிவாரும்மா. நீ போ" என்றார் கோவர்த்தனன்.

சுருள் பல இடங்களில் அறுந்து, யாரோ டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். அவசரத்தில் சில துண்டுகளைப் புரட்டி ஒட்டியிருந்தார்கள். ஓரிடத்தில் தெருக்கடைப் பலகையின் தெலுங்கு எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல் ஓடியது. இன்னோரிடத்தில் மணப்பெண்ணின் முந்தானை வலது தோளில் கிடந்தது. கோவர்த்தனன் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து, இடம் வலமாக்கி நேராக்கினார். ஒவ்வொன்றுக்கும் கன்னிகாவைக் கூப்பிட்டுக் காட்டினார்.

பிறகு பந்தி வந்தது. தரையில் பாய் விரித்து ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார். முன்னால் இலை. கேமரா நேர் எதிரில். படத்தில் வேறு யாரும் விழவில்லை. மனிதர் இடது கையால் சாப்பிடுகிறார்.

"பாத்தியா, இதையும் புரட்டி ஒட்டியிருக்கான்" என்றார் கோவர்த்தனன்.

கல்யாணப் பந்தியில், அதுவும் மாப்பிள்ளை வீட்டு மருமகன், இடது கையால் சாப்பிட மாட்டார். இதை யாரும் கோவர்த்தனனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. படச்சுருளுக்கு ஒரு பக்கம் பளபளப்பு, ஒரு பக்கம் மங்கல். எந்தப் பக்கம் மேலே இருக்கிறது என்று பார்த்தால், புரட்டி ஒட்டியதா இல்லையா என்று தெரிந்துவிடும். அவர் பார்த்தார். தெரிந்தது. புரட்டி ஒட்டப்படவில்லை. அவர் நம்பவில்லை. சுருளைவிட ஊர் வழக்கத்தின் மேல் அவருக்கு நம்பிக்கை அதிகம். இடம் வலமாக்கினார். மனிதர் கௌரவமாக வலது கையால் சாப்பிடத் தொடங்கினார்.

ஆனால் அந்தத் துண்டின் கடைசியில் அந்த மனிதர் சட்டென்று கையை மாற்றிக்கொண்டு இன்னொரு கையால் சாப்பிடப் பார்த்தார். இந்த இடத்தில் கோவர்த்தனன் தன்னைச் சந்தேகப்பட்டிருக்கலாம். மனிதர்கள் பொதுவாக அப்படிச் செய்வதில்லை. அவர் அந்தக் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டார்.

அறுபதாம் கல்யாணத்தன்று தாலி கட்டி முடிந்ததும் மண்டபத்தின் ஜன்னல்களைச் சாத்தி, வெள்ளைத் திரை கட்டினார்கள். முதல் வரிசையில் கமலம்மா. கண்ணுக்குப் புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்திருந்தாள். படம் ஓடத் தொடங்கியதும், "ஏய், அது நம்ம கொல்லப்பக்கம்டி!" "யாருது அந்தக் கிருதா?" "பாபு, அப்ப உனக்கு இடுப்புன்னு ஒண்ணு இருந்துச்சுடா!" என்று ஒரே கூச்சல். கமலம்மா மட்டும் திரையில் ஒரு முகத்தைத் தேடிக்கொண்டிருந்தாள்.

பந்தி வந்தது. பாபுவின் சித்தப்பா மகன் எழுந்தான்.

"ஆபு, ஆபு! நிறுத்துப்பா! அந்த இலையப் பாரு!"

எல்லோரும் பார்த்தார்கள். இலையின் நுனி சாப்பிடுகிறவருக்கு வலப்பக்கம் இருந்தது. நுனி இடப்பக்கம்தான் வர வேண்டும். சிறு குழந்தைகூட அப்படித்தான் போடும்.

"எங்க ஊட்டு மாப்புளைக்கு இலையத் திருப்பியா போட்டீங்க? நாப்பது வருசமா இத மூடி வச்சிக்கினு இருந்தீங்களா?"

யசோதாவின் அக்கா செங்கம்மா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். "இன்னாடா சொன்ன? அன்னிக்கி பந்திக்கு இலை போட்டவ நானு. ஒரு இலை தப்பாப் போட்டிருந்தேன்னா இந்தக் கைய வெட்டிக்கிறேன்!"

"அதான் படத்துலயே தெரியுதே!"

"படம் எடுத்தவன் உங்க பக்கத்து ஆளு!"

"எங்க பக்கத்து ஆளா? உங்க ஊட்டுச் சோத்தத் துன்னுட்டுப் போனவன்!"

பாபுவும் யசோதாவும் மாலையும் கழுத்துமாக நின்றார்கள். அன்று காலையில் இரண்டாவது முறையாகச் சேர்ந்த இரண்டு குடும்பமும் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே பிரிந்துவிடும்போல் இருந்தது. எல்லோரும் இலையைத்தான் பார்த்தார்கள். இலைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தது ஒருத்திதான்.

"இவரு யாரு?" என்றாள் கமலம்மா.

உதயா குனிந்து, "மாமாதான் அத்தை" என்றாள்.

"இல்ல."

"வருசம் ஆயிடுச்சில்ல அத்தை, மறந்திருக்கும்."

"ஏண்டி, கூடப் படுத்து எழுந்தவளுக்கு மறந்துடுமா? மூக்கு அவருதுதான். ஆனா அவரு இல்ல. அவருக்குப் பீச்சாங்கைதான் சோத்துக்கை. கட்டிக்கினு வந்த நாள்லேர்ந்து எங்க மாமியா அடிச்சி அடிச்சிப் பாத்துச்சி, மாறல. இவரு வேற யாரோ." கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். "அவரு படத்துல இல்ல. வாங்க, போலாம்."

கோவர்த்தனன் லேப்டாப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். பேசாமல் இருந்திருந்தால் பழி செங்கம்மாவோடு போயிருக்கும். கூட வந்திருந்த கன்னிகா அவர் விலாவில் இடித்தாள். இடிக்காவிட்டாலும் எழுந்திருப்பாரா என்பதைச் சொல்ல முடியாது. எழுந்தார் என்பதே போதும்.

"எம்மா, நான்தான் திருப்பினேன்."

"இன்னாத்த?"

"அவரையும் இலையையும். பீச்சாங்கையால துன்னுக்கினு இருந்தாரு. சபையில பாக்க நல்லா இருக்காதுன்னு…"

"உன்ன யாருய்யா கேட்டது?" என்றாள் கமலம்மா.

மண்டபமே அவரைத் திரும்பிப் பார்த்தது. செங்கம்மா, "கேட்டீங்களா? கேட்டீங்களா எல்லாரும்?" என்று எதிர்ப்பக்கத்தைப் பார்த்து மன்னிப்புக்காகக் காத்து நின்றாள். அது வரவில்லை.

கோவர்த்தனன் ஒரு பட்டனை அழுத்தினார். இலையின் நுனி இடப்பக்கம் போனது. மனிதரின் கை மாறியது. கமலம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். நாகபூஷணம் ஒரு வாய் எடுத்தார், இன்னொரு வாய் எடுத்தார், படம் தாவி வேறெங்கோ போனது.

"அப்புறம்?"

"அவ்ளோதாம்மா" என்று சொல்ல வாயெடுத்த கோவர்த்தனன் நிறுத்திக்கொண்டார். வெட்டிய பகுதி இன்னும் லேப்டாப்பில் இருந்தது. தேடி எடுக்கக் கொஞ்ச நேரம் ஆனது. பந்திக்குக் கூப்பிட்டார்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

திரையில் நாகபூஷணம் நிமிர்ந்து கேமராவைப் பார்த்தார். முகம் சுருங்கியது. இடது கையை மெல்ல முதுகுக்குப் பின்னால் ஒளித்துவிட்டு, வலது கையால் ஒரு கவளம் எடுத்தார். சோறு வாய்க்கு வருவதற்குள் மடியில் விழுந்தது. மண்டபத்தில் பெரியவர்கள்கூடச் சிரித்தார்கள். அப்போது திரையில் அவர் கேமராவுக்குப் பக்கத்தில் யாரையோ பார்த்தார். அந்த யாரோ ஏதோ சொல்லியிருக்க வேண்டும். படத்தில் சத்தம் கிடையாது. அவர் வாய்விட்டுச் சிரித்தார். இடது கையை எடுத்து, இலையில் நன்றாகப் பிசைந்து, கேமராவை மறந்து சாப்பிட ஆரம்பித்தார்.

"நான்தான்" என்றாள் கமலம்மா. "கேமராக்காரன் பக்கத்துல நின்னுக்கினு இருந்தேன். 'படத்துக்கா துன்ற, பசிக்கித்தான துன்ற? கைய எடுத்துத் துன்னுய்யா'ன்னேன்." பிறகு உரக்கச் சிரித்தாள். கண்ணாடிக்குள் விரலை விட்டுத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தபா போடு" என்றாள்.

போட்டார். மறுபடி கேட்டாள், மறுபடி போட்டார். இரண்டு குடும்பமும் சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தது. அவள் எழுந்திருக்கவில்லை.

கடைசியில், அந்தத் துண்டை அவள் செல்போனில் ஏற்றி முடித்தார் கோவர்த்தனன். நாகபூஷணத்தின் கன்னத்தில் மேலிருந்து கீழாக ஒரு கீறல் ஓடிக்கொண்டிருந்தது. கோவர்த்தனனின் விரல் தானாக மவுஸை நோக்கிப் போனது.

"எம்மா, மூஞ்சில ஒரு கோடு மட்டும் இருக்குது. அத மட்டும் எடுத்துட்டு…"

கமலம்மா போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"இன்னிக்கித்தான் ஊட்டுக்குக் கூட்டிக்கினு போறேன்" என்றாள். "கைய வச்ச, பாத்துக்கோ."