தாத்தாவின் இனிஷியல்

மகனுக்கு மூன்று வயது முடியப் போகிறது, இன்னும் முதல் மொட்டை எடுக்கவில்லை. காரணத்தை வெளியே சொல்லக் கூச்சம். எங்களுக்குக் குலதெய்வம் எதென்று தெரியாது. தாத்தா சிறு வயதிலேயே ஊரை விட்டு மதுரைக்கு வந்து தச்சு வேலை பழகியவர். அவர் சொல்லவில்லை, அப்பாவும் கேட்டு வைக்கவில்லை. இப்போது இருவருமே இல்லை.

நான் துபாய்க்குப் பக்கத்தில் ராஸ் அல் கைமாவில் டைல்ஸ் கம்பெனியில் சூளைப் பக்கம் வேலை பார்க்கிறேன். அடுத்த மாதம் லீவு. வீட்டுக்காரி போனில் சொன்னாள்:

"ஏங்க, சடையே பின்னலாம் போல இருக்கு. பாக்குறவங்க பாப்பா பேரு என்னன்னு கேக்குறாங்க. பேசாம பழனியில எடுத்துருவோம்."

பழனியாண்டவனை வேண்டாமென்று சொல்ல நான் யார்? ஆனாலும் முதல் முடி குலசாமிக்கு உரியது. அதை மாற்றிக் கொடுத்தால் எனக்கு மனசு ஆறாது.

மதுரையில் இருக்கும் அவள் அண்ணன்தான் வழி கண்டுபிடித்தார். அங்கே தச்சர் சங்கத்தில், அந்தக் காலத்தில் வேலை பழகச் சேர்ந்தவர்களின் பதிவேடு இருக்கிறதாம். உளியைத் தொடுமுன் குலசாமி பேரில் சத்தியம் வாங்குவார்களாம். அதனால் அதற்கென்று ஒரு கட்டம் உண்டு. மச்சான் இரண்டு நாள் உட்கார்ந்து தேடினார்.

"மாப்ள, உங்க தாத்தா பேர்ல நாலு பேரு இருக்காங்க. ஒருத்தருக்கும் 'மு' இனிஷியல் இல்ல."

வீட்டுப் பத்திரத்தில் 'மு' என்றுதான் இருக்கிறது. இருந்தாலும் நாலையும் படமெடுத்து அனுப்பச் சொன்னேன்.

சாப்பாட்டு இடைவேளையில் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்றாவது ஆளுக்குத் தகப்பன் காலமானவர் என்று எழுதி, 'வ'வில் தொடங்கும் பெயர் போட்டிருந்தது. ஆசான் கட்டத்தில் இருந்த பெயர்தான் 'மு'வில் தொடங்கியது. தாத்தாவை வளர்த்துக் கல்யாணம் முடித்து வைத்தவரே ஆசான்தான் என்று அப்பா சொன்னது ஞாபகம் வந்தது. அங்க அடையாளம்: இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு.

உடனே வீட்டுக்குப் போன் போட்டேன். "செவுத்துல தாத்தா படம் இருக்குல்ல, புருவத்தைப் பாரு."

ஸ்டூலை இழுக்கும் சத்தம் கேட்டது. "ஆமாங்க. இடது புருவம் ரெண்டா நிக்குது."

குலதெய்வக் கட்டத்தில் கண்மாய்க்கரை ஐயனார் என்று இருந்தது. ஊரும் எழுதியிருந்தது. என் ஊரிலிருந்து இரண்டு பஸ் மாறினால் போய்விடலாம்.

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ரூம்மேட் எட்டிப் பார்த்தான். "அப்ப உங்க தாத்தா ஆயுசுக்கும் ஆசான் இனிஷியலப் போட்டே கையெழுத்து போட்டிருக்காரா? இங்க இருந்திருந்தா பாஸ்போர்ட்டுல பேரு மாத்தவே மூணு லீவு காலியாயிருக்கும் அண்ணே." பல நாள் கழித்து அன்றுதான் சிரித்தேன்.

சிரித்தாலும் உள்ளே ஒரு பயம் ஒட்டிக்கொண்டிருந்தது. மூன்று தலைமுறையாகக் கோயில் வாசலை மிதிக்காதவர்கள் நாங்கள். சாமி ஏற்குமா?

அந்த வாரமே மச்சான் அந்தக் கோயிலுக்குப் போனார். வீடியோ காலில் பூசாரியிடம் போனைக் கொடுத்தார். நான் விவரம் சொல்லி, "சாமி, இத்தன வருசம் வராததுக்குப் பரிகாரம் எதுவும் செய்யணுமா?" என்று கேட்டேன்.

பூசாரி விபூதித் தட்டை நகர்த்தி வைத்துவிட்டுச் சொன்னார்: "பிள்ளையக் கூட்டிட்டு வாங்கப்பா. வந்து நிக்கிறவன்கிட்ட இத்தன நாள் எங்க போனேன்னு ஐயனார் கேக்க மாட்டாரு."

போன் மச்சான் கைக்கு மாறியது. "கேட்டீங்களா மாப்ள? தாய்மாமன் மடி தயாரா இருக்கு. தேதியச் சொல்லுங்க."

தலையிலிருந்த வேலை ஹெல்மெட்டைக் கழற்றி வைத்தேன். "போனைச் சாமி பக்கம் திருப்புங்க மச்சான்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கைகூப்பினேன்.