பொழுது சாயாத கப்பலுக்கு மூட்டை கட்டினது

வட துருவத்துக்குப் பக்கத்துல, நூறு பேர் மட்டும் போற சின்னக் கப்பல்ல, பத்து நாள். வெள்ளைக் கரடி, வால்ரஸ், திமிங்கலம் எல்லாத்தையும் அதது வீட்டுக்கே போய்ப் பார்த்துட்டு வரலாம். வேங்கிக்கால்ல ஒரு ஆபீசுல முப்பத்திரண்டு வருஷம் ஃபைலை இந்த மேசையில இருந்து அந்த மேசைக்கு நகத்தி ரிட்டையர் ஆனதுக்கு, ஜெர்மனியில வேலை பாக்குற எங்க பொண்ணு குடுத்த பரிசு. மத்தவங்க வீட்டுல ஒரு மோதிரத்தோட விட்டுடுவாங்க.

பரிசு எனக்குனு பேர்தான். அது அவங்க அம்மாவுக்குனு எங்க மூணு பேருக்குமே தெரியும். என் மனைவி தினமும் மத்தியானம் டிவியில மிருகங்க சேனல் பார்ப்பா. ஒரு வெள்ளைக் கரடி ரெண்டு குட்டியைக் கூட்டிக்கிட்டுப் பனியில நடந்து போகும், அதை மட்டும் எத்தனை தடவை போட்டாலும் பார்ப்பா. கரடி வேட்டைக்குக் கிளம்புச்சுன்னா எழுந்து சமையல்கட்டுக்குப் போயிடுவா. அங்க இருந்தே, "தின்னு முடிச்சிடுச்சா?"னு கேப்பா. முடிச்சிடுச்சுனு நான் குரல் குடுத்ததும் வந்து உக்காருவா.

நாங்க சமணக் குடும்பம். பொழுது சாஞ்சா சாப்பாடு கிடையாது. ஊர் உலகத்துல சமணருக்கெல்லாம் பொழுது ஆறரைக்குச் சாயும். எங்க வீடு, ஊரே கிரிவலம் சுத்தற மலைக்குக் கிழக்க இருக்குது. சூரியன் மலைக்குப் பின்னால போயிட்டா என் மனைவிக்கு நாள் முடிஞ்சது, அடுப்பு அணைஞ்சது. அது மறைஞ்சதுதான், சாயலனு கல்யாணம் ஆன வருஷத்துல இருந்து வாதாடறேன். எப்படிப் பார்த்தாலும் தினம் அரை மணி நேரம் எனக்கு நஷ்டம்.

பௌர்ணமி அன்னிக்கு இன்னும் விசேஷம். ஊருக்குள்ள பஸ்ஸை விட மாட்டாங்க. கிரிவலக் கூட்டத்துல நீந்தி நான் வீடு வந்து சேர ஏழரை ஆயிடும். "பாவம், பட்டினி"னு அவ முகம் வாடும். நானும் முகத்தை நல்லா வாட வெச்சுக்கிட்டுப் போய்ப் படுத்துடுவேன். வர்ற வழியில தின்ன ரெண்டு போண்டாவும் ஒரு செட் பரோட்டாவும் சத்தம் போடாம வயித்துல கிடக்கும். மறுநாள் விடிஞ்சதும் விடியாததுமா எனக்காக நெய் ஒழுக வெண்பொங்கல் பண்ணி வெப்பா. காலண்டர்ல மாசத்துக்கு ஒரு பௌர்ணமிதான். என் கணக்குல ஆடிட் வந்தா ஒரு பௌர்ணமி, பெரிய ஆபீசர் வந்தா ஒரு பௌர்ணமி.

கப்பல்காரங்க முதல்ல அனுப்பினது என்னென்ன கொண்டு வரணும்னு பதினாலு பக்கத்துக்கு ஒரு லிஸ்ட். கல்யாண மளிகைக்குக்கூட நாங்க அவ்வளவு எழுதினதில்ல. வாத்து இறகு அடைச்ச கோட்டு, தோல் கையுறை, பட்டுல உள் சாக்ஸ், ஆட்டு ரோமத்துல பனியன். நான் சத்தமா படிக்கப் படிக்க அவ சிவப்புப் பேனாவால அடிச்சுக்கிட்டே வந்தா. ரோமத்தை மட்டும், ஆடு உயிரோடதானே இருக்குதுனு யோசிச்சு விட்டா.

"மூணு உயிரை உடம்புல மாட்டிக்கிட்டு நாலாவது உயிரை ரசிக்கப் போகணுமாக்கும்"னா.

லிஸ்ட்ல கடைசியா உருப்படியா மிஞ்சினது பைனாகுலரும் பல் விளக்குற பிரஷ்ஷும்தான். சரி, இறகு இல்லாத கோட்டு வாங்கலாம்னு மே மாச வெயில்ல ஜவுளிக்கடை ஜவுளிக்கடையா ஏறி இறங்கினோம். ஒரு கடைக்காரர் என்னை மேலயும் கீழயும் பார்த்துட்டு, "சாருக்குக் குளிர் ஜுரமா?"னு என் மனைவிகிட்ட விசாரிச்சார். கடைசியில மூட்டைக்கு அடியில இருந்து ரெண்டு கோட்டு எடுத்துப் போட்டார். லேபிளைத் திருப்பி நூறு சதவீதம் பாலியஸ்டர்னு படிச்ச அப்புறம்தான் அவ முகத்துல சிரிப்பு வந்தது. பாலியஸ்டரைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்ட மனுஷியை அந்தக் கடைக்காரர் பார்த்திருக்க மாட்டார்.

அடுத்து உடல் தகுதிக்கு ஒரு ஃபாரம். ஆடுற ரப்பர் படகுல இருந்து அடுத்தவர் உதவி இல்லாம இறங்க முடியுமானு ஒரு கேள்வி. நாங்க ரெண்டு பேரும் நிக்காத டவுன் பஸ்ல இருந்து முப்பது வருஷமா இறங்கறவங்க. படகு கண்டக்டர் மாதிரி பின்னால இருந்து விரட்டவும் போறதில்ல. யோசிக்காம டிக் அடிச்சேன்.

எல்லாம் நல்லாத்தான் போச்சு, அந்தத் தினசரி அட்டவணை வர்ற வரைக்கும். ராத்திரிச் சாப்பாடு ஏழரை மணிக்குனு போட்டிருந்தது. அதுக்குக் கீழேயே, 'இந்தப் பருவத்தில் சூரியன் இருபத்து நாலு மணி நேரமும் வானத்தில் இருக்கும், தூங்கும்போது கண்ணை மறைக்கத் துணி கொண்டு வரவும்'னு ஒரு குறிப்பு.

அவ பேனாவை மூடி வெச்சுட்டா. "நான் வரல. நீங்களும் பொண்ணுமா போயிட்டு வாங்க."

இந்த ஒரு பழக்கத்துனால அவ போகாத இடம் எவ்வளவோ. சாயங்கால ரிசப்ஷனுக்குப் போனா வெறும் வயித்தோட வருவா. டூருன்னா, அடுத்தவங்களுக்குத் தொந்தரவுனு ஆரம்பத்துலயே கழண்டுக்குவா. யாரையும் ஒரு குத்தம் சொன்னதில்ல. நான் எதுக்கெடுத்தாலும் நக்கல் அடிக்கிற ஆள்தான், ஆனா அன்னிக்கு எனக்கு நக்கல் அடிக்கத் தோணல. அவ அந்தக் கரடியைக் கண்ணால பார்க்கணும். அதைத் தவிர அந்தக் கப்பல்ல எனக்கு ஒரு வேலையும் கிடையாது.

விஷயம் தெரிஞ்சு அவ தம்பி, அதாவது என் மச்சான், கூப்பிடாமலே வந்துட்டான். எதுக்கும் அவன்கிட்ட ரெடியா ஒரு தீர்ப்பு இருக்கும்.

"இதுல என்னக்கா குழப்பம்? அங்க பொழுதே சாயாது. நீ ராத்திரி பன்னெண்டு மணிக்குக்கூட சாப்பிடலாம். நம்ம ஆளுங்களுக்குனே பண்ணி வெச்ச ஊர்க்கா அது."

அவ அவனுக்குக் காபியை வெச்சுட்டு நிதானமா சொன்னா. "பொழுது சாயலன்னா நாள் முடியலனுதானே அர்த்தம்? அப்ப அந்தப் பத்து நாளும் சேர்ந்து எனக்கு ஒரே நாள். ஒரு நாளைக்கு நான் ரெண்டு வேளைதான் சாப்பிடறேன். பத்து நாளைக்கும் ரெண்டே வேளை போதுமாடா?"

மச்சான் காபியைக் குடிச்சுட்டு, வேலை இருக்குதுனு கிளம்பிட்டான். அவன் தீர்ப்பில்லாம கிளம்பினதைப் பார்த்ததுல எனக்கு ஒரு பக்கம் குஷிதான். இன்னொரு பக்கம், கப்பல் எங்களை விட்டுட்டுக் கிளம்பற மாதிரி இருந்தது.

வேற வழி தெரியாம கப்பல் சமையல்காரங்களுக்கே மெயில் போட்டேன். அவங்க ஃபாரத்துல பால் ஆகாதவங்க, கோதுமை ஆகாதவங்க, நிலக்கடலை ஆகாதவங்கனு பதினெட்டு கட்டம் இருந்தது. சூரியன் சாஞ்சா ஆகாதவங்களுக்கு ஒரு கட்டம் இல்ல. எல்லாத்தையும் விலாவாரியா எழுதி, கோபத்துல மலையைப் பத்தியும் ஒரு பாரா சேர்த்துட்டேன். மூணாம் நாள் பதில் வந்தது. 'தாராளமாகச் செய்யலாம். உங்கள் மனைவிக்கு எத்தனை மணிக்குச் சூரியன் சாயும் என்று மட்டும் சொல்லுங்கள். அதற்கு முன் சூடாகச் சாப்பாடு தயாராக இருக்கும்.'

படிச்சுக் காட்டினேன். அவ சாயங்காலம் மொட்டை மாடிக்குப் போனா. சூரியன் மலைக்குப் பின்னால இறங்கற வரைக்கும் அங்கயே நின்னுட்டு, கீழ வந்து என் செல்போன்ல மணியைப் பார்த்தா.

"எழுதுங்க. ஆறு மணி. நம்ம ஊர் மணி."

"நம்ம ஊர்ல ஆறுன்னா அங்க மத்தியானம் ரெண்டரை"னேன்.

"இருக்கட்டும். என் வயிறு இந்த ஊர்ல வளந்தது."

"அங்க மலை இல்லியேம்மா. அந்த அரை மணி நேரத்தையாவது சேர்த்துக்கக் கூடாதா? மூணு மணினு போட்டுடறேன்."

"மலை எங்க போயிடப் போவுது?"னு கேட்டா. முப்பது வருஷமா ஜெயிக்காத கேஸ், கடல் தாண்டியும் தோத்தேன்.

ஆனா அவ வர்றா. அது போதும். மறுநாளே பழைய கைக்கடிகாரத்துக்கு புது பேட்டரி போட்டு, இந்த ஊர் மணியை மாத்தவே கூடாதுனு அவ கையில கட்டிக்கிட்டா. என் கடிகாரம் கப்பல் மணிக்கு.

கிளம்பறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி, காலையில பெட்டி கட்டினோம். கப்பல் கிளம்பற ஊருக்குப் போறது சின்ன விமானம், எடை ஜாஸ்தியானா பெட்டியை இறக்கிடுவாங்களாம். நான் தராசைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நின்னேன், பெட்டியில ஒரு கிலோ கம்மி பண்ணணும்னு அது சொல்லுச்சு. சரி, இந்த நேரத்துல ஒரு நல்ல வார்த்தை சொல்லி வெப்போம்னு, "நானும் உன்கூடவே ரெண்டரைக்கு முடிச்சுக்கறேன். நம்ம வீட்டுல ராத்திரி சாப்பிட்டு எனக்கென்ன பழக்கமா?"னேன். சொல்லும்போதே தியாகி மாதிரி இருந்தது எனக்கு.

அவ என்னைப் பார்த்தா. அப்புறம் குனிஞ்சு பெட்டியில இருந்து ஒரு ஸ்வெட்டரை வெளிய எடுத்தா. அது அவளோடது. அதுக்கு அடியில பெரிய டப்பா ஒண்ணு, முறுக்கும் தட்டையும் நிறைய. மேல ஒரு சீட்டு ஒட்டி, அவ கையெழுத்துல 'ராத்திரிக்கு'னு எழுதியிருந்தது.

"இது யாருக்கு?"

"பௌர்ணமி அன்னிக்கு பரோட்டா சாப்பிடறவருக்கு."

ஆபீசுல எத்தனை மெமோவுக்கு எத்தனை விதமா விளக்கம் எழுதினவன், தராசைக் கையில பிடிச்சபடி நின்னேன். "எப்ப இருந்து தெரியும்?"னு மட்டும் கேட்டேன்.

"கல்யாணம் ஆன முதல் பௌர்ணமியில இருந்து. சட்டையெல்லாம் எண்ணெய் வாசனை."

"அப்புறம் எதுக்கு விடியக்காலையில எழுந்து பொங்கல் பண்ணே?"

"பரோட்டா தின்னா காலையில பசிக்காதா?"னு ஸ்வெட்டரை மடிச்சு பீரோவுல வெச்சா. திரும்பி வந்து டப்பா நசுங்காம ரெண்டு பக்கமும் சாக்ஸைத் திணிச்சா. திணிச்சுக்கிட்டே, என்னைப் பார்க்காம சொன்னா. "எல்லாப் பௌர்ணமியும் வெளியவே நின்னுக்கிட்டுச் சாப்பிட்டீங்க. அங்க என் பக்கத்துல உக்காந்து சாப்பிடுங்க. நான் ஜன்னல்ல கரடி வருதானு பாத்துக்கிட்டு இருக்கேன்."

பெட்டி இன்னும் அரை கிலோ ஜாஸ்தி இருந்தது. என்னோட ஸ்வெட்டரையும் எடுத்து வெளிய வெச்சேன்.