சலங்கில் வந்த உசுரு

குப்பனின் மூத்த மகன் தேசப்பன் சலங்கு வேலைக்குப் போனது அவன் அப்பனுக்குக் கடைசி வரைக்கும் பிடிக்கவில்லை. குப்பன் கட்டுமரத்துக்காரன். அவனைப் பெற்றவனும் கட்டுமரம், அவனுக்குப் பெண் கொடுத்த வீடும் கட்டுமரம். “மரத்துல நின்ன பரம்பரைடா நாம. நீ போய் பொட்டியில குந்தினு வர்றியா?” என்று மகனைக் கேட்பான். பெட்டி என்று அவன் சொன்னது சலங்கைத்தான்.

பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்துக்காரர் இருந்த காலம் அது. கப்பல்கள் கரைக்கு வரமுடியாமல் ஆழத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். துணிமூட்டை போவதும் கிராம்பும் செம்பும் வருவதும் சலங்கில்தான். ஆணி அடிக்காமல் கயிற்றால் பலகைகளைத் தைத்த பெரிய படகு அது. அலை ஓங்கி அடித்தாலும் நெளிந்து கொடுக்கும், உடையாது. பக்கம் ஆள் உயரம் இருக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியில் இருப்பவனுக்குத் தெரியாது. பின்னால் நின்று நீளத் துடுப்பைப் பிடித்து அலை பார்த்துச் செலுத்துகிறவன் தண்டல். தேசப்பனுக்குக் குரல் பெரிது, கண் கூர்மை. சீக்கிரமே தண்டலாகிவிட்டான்.

மூன்று குப்பத்துக் கட்டுமரமும் சலங்கும் ஒரே இடத்தில்தான் கரையேற வேண்டும். ஏரி கடலோடு சேரும் முகத்துக்கு வடக்கே, மணல் நல்லபடியாக இருக்கும் ஓர் இடைவெளி. அதற்கு ஒரு மரியாதை இருந்தது. அலை உடையும் இடத்துக்கு வெளியே வந்து எல்லோரும் நிற்பார்கள். முதலில் வந்தவன் துடுப்பைச் செங்குத்தாகத் தூக்குவான். அடுத்து வரும் நல்ல அலை அவனுடையது. அவன் மணலைத் தொட்ட பிறகு அடுத்தவன் தூக்குவான். கோட்டைச் சரக்கு ஏற்றிய சலங்கானாலும் சரி, ஒற்றை ஆள் கட்டுமரமானாலும் சரி, முறை முறைதான்.

இதில் ஒரே ஒரு விலக்கு. சாகக் கிடக்கிறவனோ, பிள்ளை வலி எடுத்தவளோ படகில் இருந்தால், “உசுரு!” என்று கூப்பிட வேண்டும். அந்தச் சத்தம் கேட்டால் துடுப்புத் தூக்கியவன் இறக்கிவிடுவான். பாதி அலை ஏறியவன்கூடப் பின்னால் வலித்துக்கொண்டு வழி விடுவான். அந்தச் சொல்லைப் பொய்யாகச் சொல்லலாம் என்பதே யாருக்கும் தோன்றியதில்லை. அதனால் பொய்யாகச் சொன்னவனுக்கு என்ன தண்டனை என்று ஊரில் ஒரு கட்டுப்பாடும் இல்லை.

தேசப்பனுக்கு ஒரே தங்கை, வேலம்மா. வடக்குக் குப்பத்தில் ராஜவேலுவின் தம்பி மாணிக்கத்துக்கு அவளைக் கட்டிக்கொடுத்ததே தேசப்பன்தான். மாணிக்கம் கட்டுமரத்துக்காரன் என்பதால், அந்த ஒரு காரியத்தில் மட்டும் குப்பனுக்கு மகன்மேல் திருப்தி. மச்சினன்கள் இருவரும் கடலில் பார்த்துக்கொண்டால் வம்பில்லாமல் போகாது.

அன்று மத்தியானமும் அப்படித்தான். மீன் நன்றாகப் பட்ட நாள். அலைக்கு வெளியே கட்டுமரங்கள் வரிசையாக நின்றன. கப்பலிலிருந்து திரும்பிய தேசப்பனின் சலங்கு எல்லாருக்கும் பின்னால். துடுப்பைத் தூக்கிக்கொண்டு முன்னால் நின்றவன் மாணிக்கம்.

“இன்னா மச்சான், பொட்டி பாரமா கீதா? எறங்கித் தள்ளட்டுமா?” என்று மாணிக்கம் திரும்பிக் கத்தினான்.

“உன் நாலு கட்டையும் அவுந்து போகாம பாத்துக்கோ மாப்ளே!” என்று தேசப்பன் பதிலுக்குக் கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள்.

சலங்குக்குள் ஒரு சேவல் இருந்தது. கப்பல் ஆள் ஒருவன் இளநீருக்கு மாற்றாகக் கொடுத்த சாவகத் தீவுச் சேவல். கழுத்து நீளம், கால் கறுப்பு, கண்ணில் அப்படி ஒரு கோபம். கால்களைக் கட்டி, சாக்குக்கு அடியில் போட்டிருந்தார்கள். அன்று சாயந்தரம் காட்டூரில் சேவல்கட்டு. காட்டூர் உழவர்களின் சேவலிடம் போன வருடம் தோற்று வந்த அவமானம் சலங்கு ஆட்களுக்கு ஆறவே இல்லை. ஏரியைக் கடந்து காட்டூர் போய்ச் சேர வேண்டும், வெயில் சாய்ந்துகொண்டிருந்தது.

“இவனுங்க எல்லாம் ஏறி முடிக்கறதுக்குள்ள காட்டூரான் பந்தலையே பிரிச்சுடுவான்” என்றான் மாசிலாமணி. முன்வரிசையில் துடுப்புப் போடுகிறவன். வாய் சும்மா இருக்காது. “அண்ணாத்தே, உசுருன்னு ஒரு கொரல் குடேன்.”

“எந்த உசுருடா?”

மாசிலாமணி சாக்கைக் காலால் தூக்கிக் காட்டினான். சேவல் தலையை நீட்டி எல்லோரையும் முறைத்தது. “இது இன்னா, மரக்கட்டையா? இதுவும் உசுருதானே!”

படகே சிரித்தது. தேசப்பனும் சிரித்தான். முன்னால் ஒரு நல்ல அலை எழுவது தெரிந்தது. மாணிக்கம் துடுப்பைத் தண்ணீரில் போட்டுக் கரையைப் பார்த்து வலிக்கத் தொடங்கிவிட்டான். மரத்தின் பின்பக்கம் அலையில் தூக்கியது. முன்னால் போகிறவன் நம்ம மாப்பிள்ளைதானே, விட்டுக் கொடுப்பான், கரைக்குப் போய்ச் சொன்னால் அவனும் சிரிப்பான் என்று தேசப்பன் நினைத்தான். அதற்கு மேல் அவன் நினைக்கவில்லை.

“உசுரூ!” என்றான். பெரிய குரல். சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னதால் அது அழுகைக் குரல் போல இருந்தது என்று பிறகு வரிசையில் நின்றவர்கள் சொன்னார்கள்.

மாணிக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சொல் காதில் விழுந்த கணமே துடுப்பைத் தண்ணீரில் குத்திப் பின்னால் வலித்தான். அலை அவனை விட்டுவிட்டு முன்னே போனது. அதே அலையில் சலங்கு ஏறி, அவனுக்குப் பக்கத்தில் இரைந்துகொண்டு போயிற்று. மாணிக்கம் கையை ஆட்டி, “போ போ, சீக்கிரம் போ!” என்றான். தேசப்பன் காதில் கடைசியாக விழுந்த அவன் பேச்சு அதுதான்.

அலையை விட்டவன் நிற்கிற இடம் அலை உடைகிற இடம். பின்னால் வந்தது முன்னதைவிடப் பெரிது. மரம் குறுக்கே திரும்பிவிட்டது. சலங்கு மணலைத் தொட்டு, ஆட்கள் குதித்து, தேசப்பன் திரும்பிப் பார்த்தபோது கட்டுமரம் தனியாகப் புரண்டுகொண்டிருந்தது. வரிசையில் நின்ற அண்ணன் ராஜவேலுவும் மற்றவர்களும் நீந்திப் போய் மாணிக்கத்தை இழுத்து வந்தார்கள். தலையில் கட்டை அடித்திருந்தது. மூச்சு இல்லை.

தேசப்பன் முழங்கால் தண்ணீரில் அப்படியே நின்றான். ராஜவேலு தம்பியை மணலில் கிடத்திவிட்டு நிமிர்ந்தான். “யாரு உசுரு தேசப்பா? அதுவாச்சும் பொழச்சுதா?”

மாசிலாமணிதான் முந்திக்கொண்டான். “கோட்டையில வேலை செய்றவன் பொண்டாட்டி. கப்பல்ல வந்தவ, நெறமாசம். நீங்க தண்ணியில இருந்தப்பவே பல்லக்குல தூக்கினு போய்ட்டாங்க.”

யாரும் அதைச் சந்தேகப்படவில்லை. கோட்டைக்குள் போய்ப் பார்க்கக் குப்பத்து ஆளுக்கு ஏது வழி?

அன்றிரவே மாசிலாமணி சேவலைக் கொண்டுவந்து தேசப்பன் வீட்டு வேலியில் கட்டிவிட்டுப் போனான். யாரும் காட்டூருக்குப் போகவில்லை. விடியுமுன் அது கூவியது. தேசப்பனின் மனைவி அம்மணி, “இது எங்கேருந்து வந்துது?” என்று கேட்டாள். அவன் பாயில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

தங்கை வீட்டுக்குப் போகாமல் இருக்க முடியுமா? போனான். தன் தலையில் அடித்துக்கொண்டு அழுவாள், கடலைத் திட்டுவாள் என்று பயந்து போனான். வேலம்மா அப்படிச் செய்யவில்லை. அவன் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்.

“அண்ணா, அந்தப் பொண்ணுக்குக் கொழந்த பொறந்துச்சா?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். தெரியாது என்றாவது சொல்லியிருக்கலாம். அவள் முகத்தைப் பார்த்தவன், “பொறந்துச்சும்மா” என்றான்.

“இன்னா கொழந்த?”

“ஆம்பளப் புள்ள.”

அப்போதுதான் அவள் அழுதாள். அழுதுகொண்டே, “ரெண்டு உசுரா, அண்ணா? அந்த மனுசன் ரெண்டு உசுரக் கரையேத்திட்டா போயிட்டாரு?” என்றாள். துக்கத்துக்கு வந்த பெண்களிடமெல்லாம் அதையே சொன்னாள். அவர்களும் மாணிக்கத்தைத் தெய்வம் போலப் பேசினார்கள். தேசப்பன் வாசலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். ஒவ்வொரு முறை போகும்போதும் அவள் ஏதாவது கேட்பாள். பிள்ளை பால் குடிக்கிறதா, தாய் எழுந்து நடக்கிறாளா, அந்தப் பிள்ளைக்கு மாணிக்கம் என்று பேர் வைக்கச் சொல்வாயா? “சொல்றேம்மா” என்பான். இல்லாத பிள்ளை அவன் வாயில் நாளுக்கு நாள் வளர்ந்தது. வீட்டுக்கு வந்தால் சோறு இறங்கவில்லை. சேவலுக்குத் தானியம் போடும்போது மட்டும் அதன் முன்னால் குந்தி வெகுநேரம் இருப்பான்.

கருமாதி நெருங்கியது. வேலம்மா ஆள் அனுப்பினாள்: அந்தத் தாயையும் பிள்ளையையும் எப்படியாவது அழைத்து வரவேண்டும், அவர்களுக்கு ஓர் இலை போட்டுத் தன் கையால் பரிமாற வேண்டும்.

தேசப்பன் மாசிலாமணியைத் தேடிப் போனான். “நான் சொல்லிடப் போறேண்டா.”

“பைத்தியமா உனக்கு?” மாசிலாமணி எழுந்து நின்றான். “பொண்ணும் புள்ளயும் ஊருக்குப் போயிட்டாங்கன்னு சொல்லிடு. முடிஞ்சுது.”

“வேலம்மா கேக்கும்போது என் கையப் புடிச்சினு கேக்குதுடா.”

“கேக்கட்டும். நீ சொன்னா உன் தங்கச்சிக்கு இருக்கற ஆறுதலும் போச்சு. அது மட்டுமில்ல அண்ணாத்தே, நல்லா யோசி. நாளைக்கு நெசமாவே ஒரு புள்ளத்தாச்சி படகுல வருவா. உசுருன்னு கத்துவோம். எவன் துடுப்ப எறக்குவான்? மூணு குப்பத்து மரமும் அந்த வார்த்தைய இனிமே நம்புமா?”

அவன் சொன்னது சரிதான் என்று தேசப்பனுக்குப் பட்டது. சரியாக இருந்ததுதான் அவனுக்கு இன்னும் வேதனை. தன் தப்பை மூடுவதற்கு இவ்வளவு நல்ல காரணம் கிடைத்துவிட்டதே என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தான்.

கருமாதி அன்று பிறந்த வீட்டுக் கோடிச்சேலையை ஒரு கையில் வைத்திருந்தான். கிளம்பியவன் வேலியருகே நின்றான். சேவலின் கட்டை அவிழ்த்து மறு கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். அம்மணி, “கருமாதிக்குச் சேவல எதுக்கு?” என்று பின்னாலேயே ஓடிவந்தாள். அவன் நிற்கவில்லை.

ராஜவேலு வீட்டு முற்றத்தில் இரண்டு குப்பத்துச் சனமும் உட்கார்ந்திருந்தது. அவனைப் பார்த்ததும் ஒரு கிழவர், “இன்னாபா தேசப்பா, கொழம்புக்கா? ஒண்ணு எப்படிப் பத்தும்?” என்றார். சிலர் சிரித்தார்கள். படையல் முடிந்து பந்தி போடப்போகிற நேரம். பந்தியிலிருந்து தள்ளி, தனியாக ஒரு தலைவாழை இலை போட்டு, தண்ணீர் தெளித்து வைத்திருந்தது. அது யாருக்கு என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

அவன் கோடியை நீட்டினான். வேலம்மா வாங்கவில்லை. அவனுக்குப் பின்னால் வாசலை எட்டிப் பார்த்தாள்.

“கோடிய அப்புறம் போடலாம். அவங்க எங்க, அண்ணா?”

“அவங்க இல்லம்மா.”

“வரலியா?”

“இல்லவே இல்லம்மா. பொண்ணும் இல்ல, புள்ளயும் இல்ல.” குரல் அவனுக்கே கேட்கவில்லை. பெரிய குரல்காரன். மறுபடியும் சொன்னான், இந்தமுறை முற்றம் முழுக்கக் கேட்டது. “சலங்குல இருந்த உசுரு இதுதான். சேவக்கட்டுக்கு நேரமாச்சுன்னு கூப்ட்டேன்.”

சேவல் கழுத்தைத் திருப்பி அவளைப் பார்த்தது. மாசிலாமணி கூட்டத்தின் பின்னால் எழுந்து வெளியே போனான். ராஜவேலு கையில் இருந்த சொம்பைக் கீழே வைத்துவிட்டு வந்தான், அடிக்கத்தான் வந்தான். வேலம்மா கையை நீட்டித் தடுத்தாள்.

சேவலை அவன் கக்கத்திலிருந்து அவளே வாங்கினாள். நேராகப் போய் அந்தத் தனி இலைக்கு முன்னால் இறக்கிவிட்டாள். அன்னக்கூடையை எடுத்து வந்து சோறு வைத்தாள், பருப்பு ஊற்றினாள். மாணிக்கத்துக்குப் பிடித்த இறால் பொரியலையும் ஓரத்தில் வைத்தாள். ஒன்றையும் குறைக்கவில்லை. சேவல் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் கொத்த ஆரம்பித்தது. அலகு இலையில் படும் சத்தம் மட்டும் கேட்டது.

“யாரும் வெரட்டாதீங்க. தின்னட்டும்” என்றாள் வேலம்மா. “எங்க வூட்டுக்காரரு வழி விட்டது அதுக்குத்தான்.” பிறகு அண்ணனைப் பார்த்தாள். “நீ அது தின்னு முடிக்கற வரைக்கும் நில்லு.”

அவன் நின்றான். கோடிச்சேலை கையிலேயே இருந்தது. அதை அன்று அவள் வாங்கவில்லை. ராஜவேலுவின் மனைவி தன் பெட்டியிலிருந்து ஒரு பழைய சேலையை எடுத்துக் கொடுத்தாள்.

தேசப்பன் அதற்குப் பிறகு சலங்கில் ஏறவில்லை, கட்டுமரத்திலும் ஏறவில்லை. ஏரிக்குள் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிழைத்தான். வேலம்மா வீட்டுக்கு முதல் கூறு போகும். அம்மணிதான் கொண்டுபோவாள், வேலம்மா பேசாமல் வாங்கிக்கொள்வாள். அவனோடு அவள் பேசியதாக யாரும் சொல்லவில்லை.

மாசிலாமணி சொன்னது முழுக்கப் பலிக்கவில்லை. மூன்று குப்பத்துக்காரரும் கூடி, உசுரு என்றால் இனியும் வழி விடுவது என்றுதான் முடிவு செய்தார்கள். ஆனால் ஒன்று மாறிவிட்டது. சொல் கேட்டதும் துடுப்பை இறக்கியவர்கள், இப்போது மரத்தின்மேல் எழுந்து நின்று சலங்குக்குள் எட்டிப் பார்த்துவிட்டு இறக்கினார்கள். அப்படிப் பார்ப்பதற்குள் ஓர் அலை போய்விடும்.

மணல் திட்டுக்கு அந்தப்பக்கமிருந்து எப்போதாவது அந்தக் கூப்பாடு ஏரி வரைக்கும் வரும். இடுப்புத் தண்ணீரில் நின்று இறால் தடவுகிற தேசப்பன் கையை அப்படியே நிறுத்திவிடுவான். கையில் அகப்பட்ட இறால் நழுவிப் போனாலும் கவனிக்க மாட்டான். மணலைத் தொட்ட சலங்கை மேலே இழுக்கிறவர்களின் ஏலப்பாட்டு கேட்கிறதா என்று அந்தத் திசையையே பார்த்துக்கொண்டு நிற்பான்.