புள்ளி இல்லாத கரை

சென்ற மாதம் நீர்நாயைப் பார்த்தேன்! அதுவும் நம்ம பூதலூர் பக்கத்தில். ஒன்றல்ல... ஒரு குடும்பமே!

இருங்கள், முதலிலிருந்து சொல்கிறேன்.

எங்கள் மாடி வீட்டு ஷபானா, வாய்க்கால்களில் வாழும் நீர்நாய்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். ஒரு கிராமத்தில் வாய்க்காலைத் தூர்வாரப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, மிஷின் இறங்குவதற்கு முன் விவசாயிகளிடம் தன் மேப்பைக் காட்டக் கிளம்பினாள். "அக்கா, சும்மா கூட வாங்களேன்" என்றாள். போனேன்.

கல்யாண பேனர் அளவுக்கு ஃபிளெக்ஸில் அடித்த மேப். வாய்க்கால் நெடுக நீலப் புள்ளிகள் — நீர்நாயின் கால்தடமோ கழிவோ கிடைத்த இடங்கள். கீழ்ப் பகுதி மட்டும் ஒரு புள்ளிகூட இல்லாமல் வெள்ளை வெளேரென்று இருந்தது.

விவசாயிகள் சங்கத் தலைவர் முருகையன் கிட்டே வந்து உற்றுப் பார்த்தார். கடைசி வயல்களுக்குத் தண்ணீர் எட்டவில்லை என்பது அவர் கவலை. நியாயம்தானே?

"புள்ளி இருக்கிற இடத்துல கை வைக்க மாட்டோம்மா. வெள்ளையா இருக்கிற பக்கம் ரெண்டு கரையையும் வழிச்சு எடுத்துடலாம்ல? அங்கதான் ஒண்ணும் இல்லையே."

"ஆமா சார், அங்க..." என்று ஆரம்பித்த ஷபானா சட்டென்று நிறுத்தினாள். மேப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இல்ல சார். அங்க நீர்நாய் இல்லன்னு இந்த மேப் சொல்லல. அங்க நான் போகலன்னுதான் சொல்லுது. ரோடு இருக்கிற பக்கமா பாத்துக்கிட்டே போனேன். அங்க ரோடு கிடையாது."

கூட்டத்தில் சலசலப்பு. எனக்குப் படபடப்பு. இத்தனை பேர் முன்னால் இப்படிப் போட்டு உடைக்கிறாளே!

முருகையன் கோபப்படவில்லை. "மிஷின் திங்கக்கிழமைதானே வருது? நாளைக்குக் காலையில போய்ப் பாத்துடுவோம். நானும் வர்றேன்."

மறுநாள் விடிந்ததும் மூவரும் வரப்பில் நடந்தோம். இடுப்பளவு கோரை. ஆங்காங்கே தேங்கிய தண்ணீர். முதலில் ஈர மணலில் கால்தடம்... அப்புறம் மீன் செதில் மினுங்கும் கழிவு. "ஃப்ரெஷ்க்கா, ஃப்ரெஷ்!" என்று ஷபானா குதித்தாள். இதைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்படுகிற ஒருத்தியை அன்றுதான் பார்க்கிறேன்.

அப்போது தண்ணீரில் ஒரு தலை. பக்கத்தில் இன்னொன்று! கெண்டையைக் கவ்விக்கொண்டு தாய். பின்னாலேயே கீச்சுக் கீச்சென்று குட்டிகள். அப்படியே நாணலுக்குள் நுழைந்து மறைந்தன.

"ஸ்ஸ்... பேசாதீங்க, பேசாதீங்க" என்றார் முருகையன். பேசியது அவர் மட்டும்தான்.

ஒரு கரையை மட்டும் வெட்டுவது, நாணல் கரையைத் தொடுவதில்லை என்று அங்கேயே முடிவானது. அப்படியே செய்தார்கள். போன வாரம் ஆற்றில் தண்ணீர் விட்டார்கள். கடைசி வயல்வரை தடையில்லாமல் போயிற்று.

பக்கத்து வாய்க்கால்களையும் சேர்த்த புது மேப்பில், தான் போய்ப் பார்க்காத இடங்களுக்கெல்லாம் ஷபானா சாம்பல் நிறம் அடித்திருக்கிறாள். பார்க்காததையெல்லாம் 'இல்லை' என்று எவ்வளவு சுலபமாக முடிவு கட்டிவிடுகிறோம் — அடுத்த வீட்டுக்காரரைப் பற்றி, கூடப் பிறந்தவர்களைப் பற்றிக்கூட! என் மண்டைக்குள் இருக்கும் மேப்புக்கு எத்தனை டப்பா சாம்பல் வேண்டுமோ?

நேற்று ஷபானாவுக்கு, புது மேப்பைப் பார்த்த முருகையனிடமிருந்து ஃபோன்.

"ஏம்மா, சாம்பல் இன்னும் நெறைய இருக்கே... எப்ப போறோம்?"