வலப்பக்கம் தாழ்ந்த மொறிஸ்

தவராசாவும் மகள் சிவரூபியும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, காரின் முன்பக்க உயரத்தைப் பார்த்தது. பங்குனி மாதம். நெல் ஏற்றி முடிந்து, காயவிடும் தளம் வெறுமையாகக் கிடந்தது. அதில் பழைய மொறிஸ் மைனரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். சிவரூபி முன் பம்பரின் மேல் மட்டப்பலகையை வைத்தாள். குமிழி இடப்பக்கம் ஓடி ஒட்டிக்கொண்டது. வலப்பக்க நுனிக்குக் கீழே கட்டைகளை அடுக்கி, குமிழியை நடுவுக்குக் கொண்டுவர இரண்டு அங்குலம் தேவைப்பட்டது.

"ரெண்டு இஞ்சி, அப்பா."

"தளம் மட்டமோ எண்டு பாத்தியோ பிள்ளை?"

"சீமெந்துத் தளம்தானே. சாட்டுச் சொல்லாதேங்கோ. சஸி வளைஞ்சிட்டுது. இது ஆக்களை ஏத்திற வாகனமில்லை. இரும்புக்குக் குடுக்கிற சாமான்."

"காப்புறுதிக்காரியின்ர கண்ணுக்கு எந்தக் கார் நேரா நிண்டது?" என்று தவராசா சிரித்தார். சிவரூபி தேநீரைக் குடித்துவிட்டு வவுனியா பஸ்ஸைப் பிடித்தாள்.

சித்திரை பிறந்து நான்காம் நாள், தண்ணீர்ப் பம்பை நிற்பாட்டப் போனவர் வரம்பில் விழுந்தார். மாரடைப்பு. அறுபத்தாறு வயது.

இருபத்தைந்து வயதில் காணி கிடைத்துச் சுழிபுரத்திலிருந்து ஜெயபுரத்துக்கு வந்த மனிதர் அவர். நெல் விதைத்தார். நெல் இல்லாத காலத்தில் இந்தக் காரை வாடகைக்கு ஓடினார். போரில் இடம்பெயர்ந்தபோது விசுவமடுவில் காரை விட்டுவிட்டு நடக்க வேண்டியிருந்தது. திரும்பி வந்து தேடியபோது சில்லுகள் இல்லாமல் வாய்க்காலுக்குள் சரிந்து கிடந்தது. உழவு இயந்திரத்தில் கட்டி இழுத்து வந்து, இரண்டு வருடம் இருந்து திருத்தி, திரும்ப ஓடவைத்தார். பிரசவத்துக்குப் போனவர்கள், பரீட்சைக்குப் போனவர்கள், பொலிசுக்கு முறைப்பாடு கொடுக்கப் போனவர்கள் என்று அந்தக் காரில் ஏறாத வீடு ஊரில் குறைவு.

சிவரூபி காப்புறுதிக் கம்பனிக்கு விபத்து வாகனங்களை மதிப்பிடுகிறவள். வாய்க்காலுக்குள் கிடந்த கார் என்றால் அவள் கண் முதலில் அடிச்சட்டமான சஸிக்குத்தான் போகும்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு, அஸ்தியைக் கடலில் கரைக்கக் கீரிமலைக்குப் போகவேண்டும். உறவினர்கள் வான் பிடிக்கலாம் என்றார்கள். தாய் விமலேஸ்வரி கேட்கவில்லை.

"அவர் தன்ர காரிலதான் போவார்."

"அம்மா, வானில ஏசி இருக்காம்."

"ஏசி ஆருக்கு? அஸ்தி முட்டிக்கோ?"

சங்குப்பிட்டிப் பாலம் தாண்டி அவ்வளவு தூரம் நாலு பேரை ஏற்றிக்கொண்டு அந்தக் கார் பத்திரமாக ஓடுமா, ஓடாதா என்று சிவரூபிதான் சொல்லவேண்டும். அவள் சொன்னபடி சஸி வளைந்திருந்தால், தகப்பன் இத்தனை காலமும் தெரிந்துகொண்டே ஊராரை ஆபத்தில் ஏற்றித் திரிந்திருக்கிறார். இதை அவள் யாருக்கும் சொல்லவில்லை. ஆனால் முப்பது நாளும் அவளைத் தூங்கவிடாதது அதுதான்.

அந்தியேட்டிக்கு முதல் நாள் காலை, வேலை உடுப்போடு தளத்துக்கு வந்தாள். இந்த முறை எதையும் கண்ணால் தீர்மானிப்பதில்லை என்று முடிவு. நாலு சில்லுக்கும் காற்றைச் சரிபார்த்தாள். பிறகு ஒரு பிளாஸ்ரிக் குழாயில் தண்ணீரை நிரப்பி, ஒரு நுனியைத் தாயிடம் கொடுத்தாள்.

"அசையாமல் பிடியுங்கோ."

"நான் என்ன ஆடுறனே? நீதான் ஆடுறாய்."

குழாயின் இரண்டு நுனியிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நின்ற இடத்திலிருந்து நிலத்துக்கு அளந்தாள். காரின் அகலத்துக்குள் தளம் ஓரங்குலம் சரிந்திருந்தது. வலப்பக்கமாக.

"இதுக்கேன் முழிக்கிறாய்?" என்றாள் விமலேஸ்வரி. "மழைத்தண்ணி வேலிப்பக்கம் ஓடோணும் எண்டு உன்ர அப்பா மேசனோட நிண்டு சண்டை பிடிச்சுப் போடுவிச்ச சரிவு."

தளம் மட்டமோ என்று தகப்பன் பங்குனியில் கேட்டது சாட்டு இல்லை.

வலப்பக்கச் சில்லுகள் இரண்டுக்கும் கீழே ஓரங்குலப் பலகை வைத்துக் காரை ஏற்றினாள். இப்போது குமிழி பாதி திரும்பியது. மிச்சம் ஓரங்குலம்.

"அம்மா, இது எப்ப துவக்கம் இப்பிடிச் சரிஞ்சு நிக்குது?"

"போன ஆடி வரைக்கும் நேராத்தான் நிண்டது."

இந்தக் கேள்வியை அவள் தகப்பனிடம் கேட்டதே இல்லை. வாய்க்காலில் வளைந்த சஸி பத்துப் பன்னிரண்டு வருடம் நேராக நின்றுவிட்டுப் போன ஆடியில் சரியாது.

மொறிஸின் முன்பக்கத்தில் சுருள் ஸ்பிறிங் கிடையாது. பக்கத்துக்கு ஒன்றாக, காரின் நீளவாக்கில் ஓடும் உருக்குத் தண்டு முறுகி நின்று பாரத்தைத் தாங்கும். முன் உயரம் பிசகினால் எல்லாரும் அந்தத் தண்டில்தான் கை வைப்பார்கள். சிவரூபி வைக்கவில்லை. பின்னுக்குப் போய், பின் அச்சின் சரி நடுவில் ஒரே ஒரு ஜக்கைக் கொடுத்துத் தூக்கினாள். பின் சில்லுகள் நிலத்தை விட்டன. கார் இப்போது பின்னால் ஒற்றைப் புள்ளியில் நின்றது; பின்பக்கத்தால் அதை இனி எந்தப் பக்கமும் சரிக்க முடியாது. முன்பக்கம் உண்மையில் பழுதென்றால் சரிவு அப்படியே இருக்கும்.

முன்னுக்கு ஓடிவந்து குமிழியைப் பார்த்தாள். நடுவில் நின்றது.

"என்னடி, அழுறியோ?"

"இல்லை. முன்னுக்கு ஒண்டுமில்லை அம்மா. பின்னுக்கு ஏதோ."

தாங்குகட்டைகளை வைத்துவிட்டுக் கீழே நுழைந்தாள். இடப்பக்கப் பின் ஸ்பிறிங்கில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய ஏழு தகடுகள். வலப்பக்கத்தில் ஆறு. உடைந்து விழுந்த அடையாளம் இல்லை. போல்ட்டுகள் சுத்தம், கிறீஸ் புதிது. யாரோ பொறுமையாகக் கழற்றி, திரும்பப் பூட்டியிருக்கிறார்கள். யாரோ என்ன, அவர்தான்.

டிக்கிக்குள், உபரிச் சில்லுக்குப் பின்னால், உரப்பையில் சுற்றிய தகடு இருந்தது. கிறீஸ் பூசி, மஞ்சள் பெயின்ரில் எழுதியிருந்தார்: வலது. கீழிருந்து மூன்றாவது.

திரும்பப் பூட்டும் எண்ணத்தோடு கழற்றியவர்தான் அப்படி எழுதுவார். ஆனால் ஏன் கழற்றினார்? விமலேஸ்வரிக்குத் தெரியவில்லை. பக்கத்துக் காணி இரஞ்சிதத்துக்குத் தெரிந்திருந்தது. அவள் பொல்லை ஊன்றிக்கொண்டு மெல்ல மெல்ல நடந்து வந்தவள், தளத்தில் பரவிக்கிடந்த சாமான்களைக் கண்டு நின்றாள்.

"அந்தத் தகட்டைப் பூட்டப் போறியோ பிள்ளை?"

"உங்களுக்கெப்பிடித் தெரியும் மாமி?"

போன ஆடியில் இரஞ்சிதம் கிணற்றடியில் விழுந்து இடது இடுப்பு எலும்பு முறிந்தது. தகடு வைத்துப் பூட்டினார்கள். மாதத்துக்கு ஒருமுறை வவுனியாவில் கிளினிக். தவராசா அண்ணைதான் கூட்டிக்கொண்டு போவார். டிரைவருக்குப் பின்னால், வலப்பக்கத்தில் இருந்து, இடது காலைச் சீற்றில் நீட்டிக்கொண்டு போவாள்.

"முதல் முறை ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஐயோ எண்டு கத்தினனான். அடுத்த முறை மெத்தையில இருந்தது போல. என்ன அண்ணை செய்தனீங்கள் எண்டு கேட்டன். உனக்கு ஒரு தகடு பூட்டினவங்கள், கணக்குச் சரிவர நான் ஒண்டைக் கழட்டினனான் எண்டார்."

"எனக்கேன் சொல்லேல்லை?"

"உனக்குப் பயந்துதான். அவள் கண்டால் கடதாசி எழுதிக் காரை ஓடவிடாமல் நிப்பாட்டிப்போடுவாள் எண்டவர்."

விமலேஸ்வரி வாய்விட்டுச் சிரித்தாள். முப்பது நாளில் முதல் சிரிப்பு.

ஒரு பக்கம் மட்டும் தகட்டைக் கழற்றுவது பிழை. சிவரூபி அறிக்கை எழுதினால் அப்படித்தான் எழுதுவாள். ஆனால் நாலு பேரோடு மணிக்கு ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் ஓடாத காருக்கு அதில் ஆபத்தில்லை. சஸியையும் விடவில்லை. அதன் நாலு மூலையிலிருந்தும் தூக்குக்குண்டு நூல் தொங்கவிட்டுத் தளத்தில் சோக்கால் நாலு புள்ளி போட்டு, குறுக்கும் மறுக்கும் அளந்தாள். இரண்டு அளவுக்கும் மூன்று மில்லிமீற்றர்தான் வித்தியாசம். முறுக்குத் தண்டுகள் பூட்டிய இடங்களைக் கம்பித் தூரிகையால் தேய்த்துப் பார்த்தாள். வெடிப்பு ஒன்றுமில்லை. புதிதாக வாங்கிய காரும் இதைவிட நேராக இருக்காது.

"கார் போகும் அம்மா."

"அதைத்தானே நான் அப்பவே சொன்னனான்."

அடுத்த நாள் விடியக் கீரிமலைக்குப் போனார்கள். சிவரூபிதான் காரை ஓட்டினாள். விமலேஸ்வரி அஸ்தி முட்டியை மடியில் வைத்துக்கொண்டு இரஞ்சிதத்தின் இடத்தில் இருந்தாள். பூநகரி வீதியின் பள்ளங்களில் அவள் ஒருமுறைகூட முட்டியை இறுக்கிப் பிடிக்கவில்லை.

திரும்பி வந்து காரைக் கழுவும்போது, முன் தட்டில் இரஞ்சிதத்தின் கிளினிக் கொப்பி கிடைத்தது. மே மாதக் கடைசிச் செவ்வாய், எக்ஸ்றே, கடைசி முறை. பக்கத்தில் தவராசாவின் எழுத்து: பொல்லை விட்டால் தகட்டைப் பூட்ட வேணும்.

இரஞ்சிதம் இன்னும் பொல்லோடுதான் நடக்கிறாள். தகடு உரப்பையில் சுற்றியபடி டிக்கிக்குள் இருக்கிறது. அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு இன்னும் ஒன்பது நாள்.