கார் ஏறக்கூடாத கால்

இரண்டு வாரத்துக்கு முன்னால் இதே பக்கத்தில், பழனிக்குப் பாதயாத்திரை கிளம்புகிறேன் என்று எழுதியிருந்தேன். நினைவிருக்கிறதா?

இருக்கும். எத்தனை வாழ்த்துகள்! திருப்பரங்குன்றத்திலிருந்து ஒரு வாசகி, 'இந்த வயதில் இப்படியொரு வைராக்கியமா!' என்று உருகியிருந்தார். சகோதரி... தயவுசெய்து இந்த வாரம் மட்டும் பக்கத்தைப் புரட்டிவிடுங்கள்.

யாத்திரையின் ஏற்பாடுகளைக் கேட்டால் முருகனே சிரிப்பார். என் மனைவியின் தம்பி சரவணன் எதையும் பிளான் போட்டுத்தான் செய்வான். வாடிப்பட்டி, கொடைரோடு, செம்பட்டி, ஒட்டன்சத்திரம் என்று ராத்தங்கும் ஊர்களிலெல்லாம் ரூம் புக் செய்துவிட்டான். ஏசி, வெந்நீர், வெஸ்டர்ன் டாய்லெட். என் பெட்டி, தலையணை, முட்டிவலித் தைலம் எல்லாம் அவன் காரில் பின்னால் வரும். நான் முன்னால் நடப்பேன். கழுத்தில் மாலை, இடுப்பில் பச்சை வேட்டி, காலில்... ஸ்போர்ட்ஸ் ஷூ. உள்ளே சாக்ஸ்.

"மச்சான், நீங்க நடந்தா மட்டும் போதும். மத்ததெல்லாம் நான் பாத்துக்கிறேன்" என்றான்.

அந்த 'மட்டும்'தான் என்னால் முடியவில்லை.

விடியற்காலையில் மதுரை சிம்மக்கல்லில் கிளம்பினேன். சமயநல்லூர் வரை நடந்தேன். இது சத்தியம். அங்கே ஒரு கடையில் நாலு இட்லி, ஒரு வடை. சாப்பிட்டு எழுந்தபோது இரண்டு தொடைகளும் எழ மறுத்தன. சரவணன் கார்க் கதவைத் திறந்தான். ஏசிக் காற்று முகத்தில் அடித்தது. யார் பார்க்கப் போகிறார்கள்?

ஏறிவிட்டேன்.

பாவத்தை அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் இந்தப் பக்கத்துக்கு ஒரு போட்டோ வேண்டாமா? வாடிப்பட்டி நெருங்கும்போது காரை ஓரமாக நிறுத்தச் சொன்னேன். ஷூவையும் சாக்ஸையும் கழற்றி சீட்டுக்கு அடியில் தள்ளினேன். வெறுங்காலோடு இறங்கி, சற்றே நொண்டி நடந்தேன். நொண்டல், வாசகர்களுக்காக. சரவணன் செல்போனோடு எதிரே பின்வாங்கிக்கொண்டே போனான்.

அப்போதுதான் அந்தக் குரல்.

"சாமி... நில்லுங்க சாமி!"

ரோட்டோரம் ஒரு வீட்டு வாசலில் சின்ன ஓலைப்பந்தல். அதன் கீழே பித்தளைக் குடத்தோடு ஒரு பெண். பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் அவர் கணவர், நாற்பத்தைந்து வயது இருக்கலாம். வலது காலை ஸ்டூலில் நீட்டி வைத்திருந்தார். சுவரில் ஊன்றுகோல் சாய்ந்திருந்தது. அவரை ராசு என்று வைத்துக்கொள்வோம். உண்மைப் பெயர் வேண்டாம், காரணம் பிறகு புரியும்.

"தனியா வர்ற சாமியா பாத்து விடியக்காலைலருந்து நிக்கிறேன். கால நீட்டுங்க சாமி" என்றார் அந்த அம்மா.

பாதயாத்திரை போகிறவர்களின் காலை வழியில் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவுவது இந்தப் பக்கத்து வழக்கம். தெரியும். ஆனால் என் காலை?

ராசு கேட்டார்: "எங்கருந்து சாமி நடந்து வாரீக?"

"சிம்மக்கல்."

"அம்புட்டுத் தூரமும் வெறுங்காலாவா?"

நான் பொய் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

அந்த அம்மா குனிந்து தாம்பாளத்தில் என் கால்களை வைத்துத் தண்ணீர் ஊற்றினார். இரண்டு கையாலும் குதிகாலைத் தேய்த்தார். அழுக்கு வந்தால்தானே! ஊற்றிய மஞ்சள் தண்ணீர் ஊற்றிய நிறத்திலேயே தாம்பாளத்தில் நின்றது. கணுக்காலைச் சுற்றி சாக்ஸ் பதித்த வரி, கம்பி கட்டியது போல அத்தனை தெளிவு. அந்த அம்மா கண்ணை மூடி முணுமுணுத்துக்கொண்டிருந்தார். ராசு கண்ணை மூடவில்லை. தாம்பாளத்தைப் பார்த்தார். கணுக்காலைப் பார்த்தார். பிறகு தூரத்தில் நின்ற காரைப் பார்த்தார்.



அந்த அம்மா ஒரு மஞ்சள் துணி முடிச்சை என் கையில் வைத்தார். பிரித்துக் காட்டினார். வெள்ளித் தகட்டில் செய்த கால். விரல் நீளம்தான் இருக்கும்.

"பதினோரு வருசமா நடந்தே போயிட்டு வந்த மனுசன் சாமி இவரு. கொத்தனாரு வேல. சாரத்துலருந்து விழுந்து காலுக்குள்ள பிளேட்டு வச்சிருக்கு. தை முடிஞ்சதும் ரெண்டாவது ஆபரேசன். இவரு கால் போக முடியாட்டியும் இந்தக் காலாச்சும் நடந்து போகணும்னு வேண்டியிருக்கேன். உண்டியல்ல போட்டுருங்க. கூட்டமா போறவுககிட்ட குடுத்தா யாரு பையில இருக்குன்னே தெரியாது... வண்டியில மட்டும் ஏத்திராதீக சாமி. காலு நடந்துதான் போகணும்."

சொல்லிவிட்டு என் காலில் விழுந்தார். நான் தடுக்கவில்லை. தடுத்திருக்க வேண்டும்.

லாட்ஜ் அங்கிருந்து ஒரு கிலோமீட்டர். கார்க் கதவைத் திறந்தான் சரவணன். முடிச்சைக் காட்டினேன்.

"இது கார்ல ஏறக் கூடாதாம், மாப்ள."

"அத என்கிட்ட குடுங்க மச்சான். நான் நடக்கிறேன், நீங்க கார ஓட்டுங்க" என்றான். பிளான் போடுகிறவன் அல்லவா!

நடந்தேன். வெறுங்காலில், உச்சி வெயிலில், பின்னால் ஊர்ந்து வரும் காரின் ஹாரனோடு. முதல்முறையாக உண்மையாகவே நொண்டினேன்.

ரூமில் ஏசி ஜில்லென்று இருந்தது. வெள்ளிக்காலை டிவி ரிமோட் பக்கத்தில் வைத்தேன். சரியில்லை. தலையணை மேல் வைத்தேன். அதுவும் சரியில்லை. சரவணன் உற்சாகமாக போட்டோவை நீட்டினான். நான் சாமியார் மாதிரி நிற்கிறேன், காலடியில் அந்த அம்மா. பெரிதாக்கிப் பார்த்தால் சாக்ஸ் வரி.

முப்பது வருடமாக அடுத்தவரின் போலித்தனத்தைக் கிண்டல் செய்து எழுதிச் சம்பாதித்தவன் நான். அந்த போட்டோவைப் பார்த்தபோது கிண்டல் எதுவும் வரவில்லை. சோறும் இறங்கவில்லை.

இரண்டு மணிக்கு முடிச்சை எடுத்துக்கொண்டு திரும்ப நடந்தேன். பழனிக்குப் போக வேண்டிய கால் மதுரையைப் பார்த்து நடந்தது... என்ன செய்ய? உண்மையைச் சொல்லிவிட்டு, வேறு நல்ல காலாகப் பார்த்துக் கொடுக்கச் சொல்வதாக உத்தேசம்.

பந்தலில் ராசு மட்டும் இருந்தார்.

"அண்ணே, ஒண்ணு சொல்லணும். நான் சமயநல்லூர்லருந்து..."

"மெதுவா சாமி." கையமர்த்தினார். வீட்டுக்குள் கண்ணைக் காட்டினார். "தெரியும். எத்தன வருசம் நடந்துருக்கேன், நடந்த காலு எப்படி இருக்கும்னு தெரியாதா? அந்தக் காலு, பொறந்த புள்ளக் காலு மாதிரில்ல இருந்துச்சு!"

உள்ளே தட்டில் கரண்டி படும் சத்தம் கேட்டது.

"இந்தக் காலு கெளம்புற வரைக்கும் பச்சத்தண்ணி குடிக்க மாட்டேன்னு நேத்து ராத்திரிலருந்து கெடந்தா. இப்பத்தான் சாப்புட உக்காந்துருக்கா. நீங்க திருப்பிக் குடுத்தா அந்தச் சோறு எறங்குமா?"

"பின்ன... நான் என்னண்ணே செய்யட்டும்?"

"மிச்சத்த நடங்க. ஷூ வேணும்னாலும் போட்டுக்கங்க. நடங்க."

உள்ளேயிருந்து குரல் வந்தது: "யாருங்க அது?"

"வழி கேக்குறாக!" என்றார் ராசு. என்னைப் பார்த்து, "போங்க சாமி. அவ வெளிய வந்துரப் போறா" என்றார்.

அறுபதை நெருங்குகிறவன், மாலையும் வேட்டியுமாக, ஒரு வீட்டு வாசலிலிருந்து ஓடியதை வாடிப்பட்டி பார்த்தது.

மறுநாளிலிருந்து நடந்தேன். சத்தியத்தை நம்ப மாட்டீர்கள், அதனால் செய்யவில்லை. ஷூ போட்டுத்தான் நடந்தேன். ரூமிலும் படுத்தேன். கேன்சல் செய்தால் அட்வான்ஸ் திரும்ப வராது, அந்த அளவுக்கு நான் ஞானியாகவில்லை. ஆனால் வெள்ளிக்கால் சட்டைப் பையில் இருந்தது, கார்க் கதவு திறக்கும்போதெல்லாம் நெஞ்சில் குத்தியது. செம்பட்டி தாண்டி ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்து, ஆளில்லாத நேரமாகப் பார்த்து அழுதேன். வலியில்தான். பக்தி என்று எழுதச் சொல்லாதீர்கள்.

பழனியில் கடைசிச் சோதனை. மலையேற ரோப் கார் இருக்கிறது. சரவணன் டிக்கெட்டோடு நின்றான். ரோப் காரும் வண்டிதானே?

படியேறினேன். ஒவ்வொரு மண்டபத்திலும் உட்கார்ந்து உட்கார்ந்து. உண்டியலில் முடிச்சை விட்டபோது கை காலியானது. மனசு ஆகவில்லை.

வாடிப்பட்டியில் முடிச்சோடு தனியாக ஒரு சீட்டில் போன் நம்பரும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். போன் போட்டேன். அந்த அம்மாதான் எடுத்தார்.

"நடந்துதான வந்துச்சு சாமி?"

"ஒவ்வொரு அடியும் நடந்துச்சும்மா."

கால் நடந்தது. அதில் பொய்யில்லை. நான் முழுதாக நடந்தேனா என்று அவர் கேட்கவில்லை. கேட்காமல் 'நீங்க நல்லா இருக்கணும்' என்றார். திட்டியிருக்கலாம்.

ராசு போனை வாங்கினார். "எத்தன கொப்புளம்?"

"ஏழு."

சத்தமாகச் சிரித்தார். பிறகு, அந்த அம்மா நகர்ந்துவிட்டார் போல, குரலை இறக்கினார். "ஆபரேசன் முடிஞ்சு நான் நடந்து பழகணும். அப்ப வாங்க. சமயநல்லூர்லருந்து எங்க வீடு வரைக்கும் ஒங்களுக்கு பாக்கி நிக்கிதுல்ல? கொஞ்சங் கொஞ்சமா ரெண்டு பேரும் சேந்தே நடந்துருவோம்."

வாரேன் என்றேன்.

அந்த போட்டோவை இந்தப் பக்கத்தில் தேடாதீர்கள், அழித்துவிட்டேன். ராசுவோடு நடக்கப் போகும் விஷயத்தைச் சரவணனிடமும் சொல்லவில்லை. சொன்னால், சமயநல்லூரில் ரூம் போட்டுவிடுவான்.